இட்டேரி முடிந்தால் வாய்க்கால் மேடு

வெள்ளகோவிலில் எங்கள் வயதுப் பிள்ளைகள் சைக்கிள் பழகியது ரோட்டில் அல்ல, இட்டேரியில். கோவையில் இருந்து காங்கேயம், கரூர் வழியாகத் திருச்சிக்குப் போகிற பெருஞ்சாலை ஊரின் நடுவே ஓடுகிறது. லாரியும் பஸ்ஸும் ஓயாமல் போகும் அந்த ரோட்டில் சின்னப் பிள்ளைகள் சைக்கிளோடு ஏறக்கூடாது என்பது எல்லார் வீட்டுச் சட்டம். ரோட்டை விட்டு இறங்கிவிட்டால் பயமில்லை. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே ஒரு மாட்டு வண்டி போகிற அகலத்துக்கு மண் தடம். தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவில், காட்டுக்கும் காட்டுக்கும் நடுவில் வளைந்து வளைந்து அது போய்க்கொண்டே இருக்கும். ஓர் இட்டேரியில் நுழைந்தால் இன்னோர் இட்டேரி பிரியும். அதில் திரும்பினால் யாராவது சொந்தக்காரர்களின் தோட்டத்துச் சாளை வீடு வரும், மோர் கிடைக்கும், அங்கிருந்து இன்னொரு தடம் கிளம்பும்.

கிளுவைக் கம்பை வெட்டி நட்டுவிட்டால் தானாக வேர் பிடித்துக்கொள்ளும். சில வருஷத்தில் ஆடு நுழைய முடியாத அடர்த்தி வந்துவிடும். அதன் மேல் பிரண்டையும் கோவைக்கொடியும் சங்குப்பூவும் ஏறிக் கிடக்கும். புரட்டாசி, ஐப்பசியில் நாலு மழை பெய்துவிட்டால் இட்டேரி முழுக்கப் பச்சை வாசனை. வேலிக்கு உள்ளே பெரும்பாலும் கொறங்காடு. உழுது விதைக்கிற காடு அல்ல அது. மேய்ச்சலுக்கென்றே வேலி கட்டி விட்ட நிலம். தரையில் கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேலா மரம். மரம் நிழலும் தரும், காய் உதிர்ந்தால் ஆடு மாட்டுக்குத் தீனியும் ஆகும். மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆள் வேண்டாம். வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை பெய்தாலே நல்ல வருஷம் என்று சொல்கிற சீமை எங்களுடையது. அந்த மழையை வைத்துக்கொண்டு காங்கேயம் மாட்டினத்தை வளர்த்தெடுத்தது இந்தக் கொறங்காடுதான். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைப் பேணியதால் பெயர் பெற்றது. அவர்களுடைய மாடுகளும் இதே புல்லைத்தான் தின்றன.

இதையெல்லாம் யாரும் எனக்குப் பாடமாகச் சொல்லித்தரவில்லை. சைக்கிள் மிதிக்கிற வேகத்தில் கண்ணில் பட்டதுதான். பஸ்ஸில் போனால் வேலி ஒரு பச்சைக் கோடு, அவ்வளவுதான். நடந்துபோனால் ஒரு காட்டைத் தாண்டுவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். சைக்கிளில் போகிறபோதுதான் வேலியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடை நீலச் சிறகை விரித்துப் பறப்பதைப் பார்க்கவும் முடியும், பொழுதோடு நாலு ஊர் சுற்றி வீடு திரும்பவும் முடியும்.

பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி என் சின்ன மாமன் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். எண்பதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் அப்போது பெரியார் மாவட்டம்; திருப்பூர் மாவட்டம் என்று ஒன்று வந்தது 2009-ல்தான். கடையில் பெரிய சைக்கிள்கள் வரிசையாக நிற்கும், பெரும்பாலும் ஹெர்குலிஸ். மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டால் எண் போட்டிருக்கும். தறிக்காரர்கள்தான் முக்கியமான வாடிக்கை. ஊடை நூல் மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு போவார்கள். ஷிப்டு மாறுகிற நேரத்தில் கடை முன்னால் கூட்டம் நிற்கும். மூலையில் பிள்ளைகளுக்கென்று சின்ன சைக்கிள்கள். ஒரு நோட்டில் பெயர், எடுத்த நேரம், விட்ட நேரம் எல்லாம் மாமன் எழுதிவைப்பார். எனக்கு மட்டும் நோட்டும் கிடையாது, காசும் கிடையாது.

எங்கள் தெருவில் பெண் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவது அப்போது அரிது. அம்முச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, அது கொஞ்சமும் பிடிக்காது. "பொட்டப்புள்ளைக்கு என்னத்துக்குடா சைக்கிளு? உழுந்து கையி காலு ஒடிஞ்சா நாளைக்கு யாரு பதில் சொல்றது?" என்று மாமனைத் திட்டும். மாமன் சிரித்துக்கொண்டே, "கத்துக்கிட்டுப் போவுதும்மா, விடு" என்பார். பாவாடையை முடிந்துகொண்டு, பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டுத்தான் நான் பழகினேன். இட்டேரி மணல் டயரைப் பிடித்து இழுக்கும், ஹேண்டில் ஒடியும், பக்கத்திலேயே கிளுவை முள். விழக்கூடாது என்றால் வண்டித்தடத்தின் கெட்டியான ஓரத்திலேயே சக்கரத்தை வைத்து ஓட்டவேண்டும். அங்கே பழகியவர்களுக்கு அப்புறம் எந்த ரோடும் ரோடுதான். 2001-02 கல்வியாண்டில் தமிழக அரசு ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் அதை எல்லாப் பிரிவுப் பிள்ளைகளுக்கும் விரித்தது. காலை நேரத்தில் எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் வரிசை வரிசையாகச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அம்முச்சி அதைப் பார்க்க இல்லையே என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

ஆடி மாதம் சைக்கிள்காரர்களுக்குச் சோதனை மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைகிற தென்மேற்குக் காற்று கொங்குச் சீமை முழுக்கத் தங்குதடையில்லாமல் வீசும். மேற்கே காங்கேயம் பக்கம் போனால் எழுந்து நின்று மிதித்தாலும் வண்டி நகராது. திரும்பி வரும்போது காலை எடுத்து மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், காற்று ஊர்வரை கொண்டுவந்து விட்டுவிடும். அதனால் எந்தப் பயணமானாலும் முதலில் எதிர்காற்று, பிறகு பின்காற்று என்று மாமன் கணக்குப் போட்டுத்தான் கிளம்புவார். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் மாட்டுத்தாவணி கூடும்போது அந்தக் கணக்கெல்லாம் இல்லை. காற்றே இருக்காது, வெயில்தான். ஓலப்பாளையத்துக்குப் பக்கத்தில் வெட்டவெளி முழுக்கக் காங்கேயம் காளைகள் கட்டிக் கிடக்கும். கொம்பு சீவி, கழுத்தில் புதுக்கயிறு கட்டி, மயிலையும் செவலையும் நிற்கிற அழகைப் பார்த்துக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்போம்.

வறண்ட ஊர் என்றேன். ஆனால் தமிழ்நாட்டின் இரண்டு பெரிய வாய்க்கால்கள் வந்து முடிகிற கடைமடை எங்கள் பக்கம்தான். தெற்கே ஆனைமலைத் தண்ணீர். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் திருமூர்த்தி அணையில் இருந்து கிளம்பி, பொங்கலூர்ப் பக்கம் பிரிந்து, வெள்ளகோவில் கிளை வாய்க்காலாக வரும். பி.ஏ.பி. வாய்க்கால் என்றுதான் எல்லாரும் சொல்வோம். அந்தத் திட்டத்தின் பாசன நிலத்தை நாலு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு மண்டலத்துக்குத் தண்ணீர் முறை இரண்டு வருஷத்துக்கு ஒருதரம்தான் வரும். அதிலும் கடைமடைக்கு வந்து சேர்வது மிச்சம் மீதி. வாய்க்காலில் தண்ணீர் வருகிறது என்று யாராவது சொன்னால் பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுவோம். முதலில் காய்ந்த சருகைத் தள்ளிக்கொண்டு, நுரைத்துக்கொண்டு, மெல்லத்தான் வரும். அதோடு கூடவே கரையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நாங்களும் போவோம். உத்தமபாளையத்துப் பக்கம் வட்டமலைக்கரை ஓடை அணை இருக்கிறது. கால் நூற்றாண்டுக்கு மேல் வறண்டு கிடந்த அந்த அணைக்கு 2021 கடைசியில் பி.ஏ.பி. தண்ணீரைக் கொண்டுவந்து விட்டபோது, வெளியூரில் இருந்த நாங்கள் எல்லாரும் அந்தச் செய்தியை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டோம்.

வடக்கே இருப்பது கீழ்பவானி. நீலகிரித் தண்ணீர். பவானிசாகரில் இருந்து கிளம்பி 124 மைல் ஓடி, முத்தூரை அடுத்த மங்களப்பட்டியில் முடிகிறது. 1948-ல் தொடங்கி 1955-ல் முடித்த அணை, அதனோடு வெட்டிய வாய்க்கால். ஈரோட்டுச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த தியாகி எம்.ஏ. ஈஸ்வரன் இந்தத் திட்டத்துக்காக விடாமல் போராடியவர். என் அப்புச்சி, அம்மாவின் அப்பா, இளவட்டமாக இருந்தபோது வாய்க்கால் வெட்டுகிற மண் வேலைக்குப் போயிருக்கிறார். "கூடை கூடையா மண்ணச் சொமந்தம் சாமி. அந்த மண்ணுதான் இன்னிக்குக் கரையா நிக்குது" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் சுமந்த மண்ணின் மேல் சைக்கிள் ஓட்டவேண்டும் என்ற ஆசை எனக்கு அப்போதே வந்துவிட்டது.

ஒரு காலாண்டுப் பரீட்சை லீவில் மாமன் என்னை அந்தக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவருக்குப் பெரிய ஹெர்குலிஸ், எனக்குக் கடையில் இருந்த சின்ன சைக்கிள். தூக்குப்போசியில் புளிச்சோறு, துணிப்பையில் வறுத்த கடலக்காய், கேரியரில் பம்பு, சீட்டுக்கு அடியில் சின்னப் பையில் சொலூஷனும் உப்புத்தாளும் பழைய டியூப் துண்டும். அம்முச்சி வாசலில் நின்றுகொண்டு, "பொழுதெறங்கறதுக்குள்ள வந்தரோணும்டா" என்று மறுபடி மறுபடி சொன்னது.

முத்தூர் ரோட்டில் முதல் பாதி நமக்குப் பழகிய காடுதான். பனை, வேலா மரம், கொறங்காடு, ஒன்றிரண்டு தறிக்குடோன், அதற்குள் இருந்து வருகிற சத்தம். அங்கங்கே முருங்கைத் தோட்டம். பிறகு காற்று மாறியது. கண்ணுக்கு எதுவும் தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிட்டது: சேற்று வாசனை, நெல் வாசனை. மாமன் பெல்லை அடித்து, "என்ன அம்மிணி, வந்துட்டம் பாரு" என்றார். கொஞ்ச தூரத்தில் தென்னந்தோப்பு, அதை ஒட்டி வயல், வயலுக்கு மேலே உயர்ந்து நிற்கும் நீளமான மண் கரை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தக் கரையில் ஏறி நின்றோம். தண்ணீர் கரை மட்டம் ததும்பிப் போய்க்கொண்டிருந்தது.

மேட்டில் ஏறி மிதிக்க ஆரம்பித்ததுமே ஒரு வித்தியாசம் காலுக்குத் தெரிந்தது. இட்டேரியில் மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். ரோட்டிலும் ஏற்றம் வந்தால் எழுந்து நின்று மிதிக்கவேண்டும். வாய்க்கால் மேட்டில் ஏற்றமே இல்லை. என்ன மாமா இப்படி இருக்கிறது என்று கேட்டேன். "தண்ணிக்கு மேடு ஏறத் தெரியாதில்ல அம்மிணி? அது போறதுக்கு ஏத்த மாதிரி சரிவு பாத்துப் பாத்து வெட்டியிருக்கறாங்க. தண்ணி நோகாம போற வழியில நாமளும் நோகாம போலாம்" என்றார். வாய்க்காலை நிலத்தின் மட்டத்தை ஒட்டியே வளைத்து வளைத்து வெட்டியிருக்கிறார்கள் என்று வளர்ந்த பிறகு படித்தேன். மாமன் சொன்னதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. கரையோரப் பாதை முழுக்க ஒரே மட்டம். அணையை நோக்கிப் போனாலும் காலுக்கு உறைக்காத சரிவு. குழந்தையும் ஓட்டலாம், வயசானவர்களும் ஓட்டலாம்.

இன்னொன்றும் அந்த மேட்டில் இருந்து பார்த்தால்தான் தெரியும். வாய்க்காலுக்கு மேல்புறம் சோளக்காடு, கொள்ளுக்காடு, கிளுவை வேலி, ஆட்டுப்பட்டி. கீழ்புறம் நெல், கரும்பு, மஞ்சள், தென்னை. ஒரே ஊர், ஒரே மண், ஒரே வெயில். நடுவே ஒரு வாய்க்கால். வலது பக்கம் திரும்பினால் ஒரு சீமை, இடது பக்கம் திரும்பினால் வேறு சீமை. இவ்வளவு கிட்டத்தில் இரண்டையும் பார்த்துக்கொண்டே போகிற பாதை வேறெங்கும் எனக்கு வாய்க்கவில்லை. கீழ்புறத்துக் கிணறுகளில் கைக்கு எட்டுகிற ஆழத்தில் தண்ணீர் நின்றது. மதகு வழியாகப் போகிற தண்ணீர் மட்டுமல்ல, மண் கரையில் கசிகிற தண்ணீரும் கிணற்றுக்குப் போய்ச் சேர்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கரையில் மைல் கல் நட்டிருந்தது. எண்கள் பவானிசாகரில் இருந்து தொடங்குவதால், நாங்கள் மேற்கே போகப் போகக் குறைந்துகொண்டே வந்தன. ஒவ்வொரு கல்லையும் சத்தமாகப் படித்துக்கொண்டே போனேன். கல் இல்லாத இடத்தில் மதகு வரும். மதகிலும் எண் இருக்கும். ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று இந்த மதகுகளைப் பிரித்திருக்கிறார்கள். மொத்தப் பாசன நிலம் 2,07,000 ஏக்கர். பாதிக்கு ஆகஸ்டு 15-ல் தண்ணீர் விட்டால் நெல், மறுபாதிக்கு ஜனவரியில் விட்டால் கடலை, எள். அடுத்த வருஷம் மாற்றிக்கொள்வார்கள். மதகுப் பக்கத்தில், அதைத் திறந்து மூடுகிற லஸ்கர் ஒருவர் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். "எந்தூருங்க?" என்று கேட்டார். "வெள்ளகோயலுங்க. புள்ள வாய்க்காலப் பாக்கோணும்னு சொல்லுச்சு" என்றார் மாமன். அவர் என்னைப் பார்த்து, "தண்ணி அணைய விட்டுக் கெளம்பி இங்க வந்து சேர்றதுக்குள்ள எத்தன ஊரப் பாத்திருக்கும் தெரியுமா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, சத்தியமங்கலம், கோபி, பெருந்துறை, சென்னிமலை என்று ஊர்களை அடுக்கிக்கொண்டே போனார். எனக்கு அந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே கயிற்றில் கோத்த மணிகளாகத் தெரிந்தன.

புங்க மர நிழலில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். எதிர்க்கரையில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் பாலத்தின் மேலிருந்து குதித்தான். அவனுக்குப் பின்னாலேயே இன்னும் நாலு பேர். மீன்கொத்தி கம்பியில் இருந்து செங்குத்தாகத் தண்ணீரில் விழுந்து மேலே வந்தது. கரைச் சரிவில் இருந்த ஈச்ச மரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தண்ணீருக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தன. கூட்டில் இருந்து நீளமாகத் தொங்கும் அந்தக் குழாய்தான் வாசல் என்று மாமன் காட்டினார்.

நத்தக்காடையூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது என் பின்சக்கரம் காற்று இறங்கிவிட்டது. வேலமுள். மாமன் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, டயரை நெம்பி, டியூபை உருவி, லேசாகக் காற்றடித்து, வாய்க்கால் தண்ணீரிலேயே முக்கிப் பார்த்தார். குமிழி வந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவி, ஊதிக் காயவைத்து, டியூப் துண்டை ஒட்டி, கல்லால் தட்டினார். பக்கத்து வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்த பெரியவர் மேலே ஏறி வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "புள்ளையே ஓட்டிக்கிட்டு வருதுங்களா? அத்தன தூரத்துல இருந்துங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு தோப்புக்குள் போய் இரண்டு இளநீர் வெட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். காசு கொடுத்தால் வாங்கவில்லை.

திரும்பும் வழியில் மாமன் என்னைச் சின்னமுத்தூரில் நொய்யலாற்றுப் பக்கம் கூட்டிப்போனார். ஆற்றைப் பார்த்ததும் இறங்கிக் கால் கழுவப் போனேன். "தொடாத அம்மிணி" என்று மாமன் சத்தம் போட்டார். அன்றைக்கு அவர் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். தண்ணீர் கலங்கிய கருஞ்சிவப்பாக இருந்தது, ஓரத்தில் நுரை. திருப்பூரில் பனியன் தொழில் ஏறுமுகமாக இருந்த காலம். எங்கள் ஊரில் இருந்தும் எத்தனையோ வீடுகளுக்கு அந்தத் தொழில்தான் சோறு போட்டது. அதன் சாயம் ஆற்றில் இறங்கி எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. பிறகு நொய்யலின் குறுக்கே கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத் தண்ணீர் நிற்பதற்குப் பதிலாகச் சாயத்தண்ணீர் நின்றது. அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்டார்கள். அணை கட்டிய நாட்டில் அதைவிடக் கொடுமையான கோரிக்கை இருக்க முடியாது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவை ஆற்றில் விடாமல் சுத்திகரிக்கிற ஏற்பாடுகள் வேகம் பிடித்தன. அன்றைக்கு ஒரே மத்தியானத்தில் கைவைத்துக் குடிக்கிற தண்ணீரையும் கைவைக்கக்கூடாத தண்ணீரையும் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் சைக்கிளில் கொஞ்ச நேரம்தான்.

வெள்ளகோவிலுக்குள் நுழையும்போது இருட்டிவிட்டது. மாமன் டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்துவிட்டிருந்தார். அவர் வெளிச்சத்துக்குப் பின்னாலேயே நான் வந்தேன். அம்முச்சி தெருமுனையில் நின்றிருந்தது. திட்டவில்லை. என் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வெந்நீர் வைத்து ஊற்றியது.

அதற்கப்புறம் வாய்க்கால் மேடு எனக்கு விட்டுப்போகவே இல்லை. கல்லூரியில் படிக்கும்போதும், வேலைக்குப் போன பிறகு லீவில் வரும்போதும், துண்டு துண்டாக மேலே மேலே ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அறச்சலூர்ப் பக்கம் குன்றுகளைச் சுற்றிக்கொண்டு வாய்க்கால் வளைகிற இடம், கோபிப் பக்கம் தென்னையும் வாழையும் கரையை மூடி நிற்கிற இடம் எல்லாம் கண்ணிலேயே நிற்கின்றன. பவானிசாகருக்கு மட்டும் பஸ்ஸில் போனேன். எட்டு கிலோமீட்டர் நீளத்துக்கு மண்ணால் எழுப்பிய அந்த அணையின் அடியில், வாய்க்கால் கிளம்புகிற இடத்தில் அது ஓர் ஆறு. முழு அளவில் விட்டால் விநாடிக்கு 2,300 கன அடி. மங்களப்பட்டியில் முடிகிறபோது பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாண்டிக் குதிக்கிற அகலம். நடுவில் உள்ள அத்தனையும் வயலுக்குள் போய்விட்டது.

பிரான்சில் கானல் டு மிடி என்று ஒரு வாய்க்கால் இருக்கிறது. ரிக்கே என்பவர் 1666-ல் தொடங்கி 1681-ல் முடிந்த வேலை அது. நீளம் 240 கிலோமீட்டர். படகைக் குதிரை கட்டி இழுப்பதற்காகப் போட்ட கரைப்பாதையில் இன்றைக்கு உலகம் முழுவதிலும் இருந்து வந்து சைக்கிள் ஓட்டுகிறார்கள். 1996-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கரை நெடுக நட்டிருந்த மரங்களுக்கு 2006-ல் பூஞ்சை நோய் வந்தது. வெட்டிய மரங்களுக்குப் பதிலாக வேறு கன்றுகளை வருஷாவருஷம் நட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம் கீழ்பவானி 200 கிலோமீட்டர். நீளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே போகிறவர்கள் பாதையையும் நிழலையும் பார்க்கப் போகிறார்கள். நம் கரையில் பாதை, நிழல், இரண்டு பக்கமும் இரண்டு விதமான வேளாண்மை, ஊருக்கு ஊர் கோயில், கேட்காமலே இளநீர் வெட்டித் தருகிற மனிதர்கள் எல்லாம் உண்டு. வழிகாட்டிப் பலகைதான் இல்லை.

2020-க்குப் பிறகு 700 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் வாய்க்காலில் கான்கிரீட் போடும் திட்டம் வந்ததும் விவசாயிகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள். கான்கிரீட் போட்டால் கசிவுநீர் நின்று கிணறு வற்றும், கரை மரங்கள் போகும் என்று ஒரு தரப்பு உண்ணாவிரதம் இருந்தது. உடைப்பு எடுக்கிற பழைய கரையைப் பலப்படுத்தினால்தான் கடைமடைக்குத் தண்ணீர் வரும் என்று இன்னொரு தரப்பு வாதாடியது. கடைமடைக்காரி நான். தண்ணீருக்காகக் காத்திருந்து கண் பூத்துப்போன வீடுகளை எனக்குத் தெரியும். ஆனாலும் கசிவு என்பது வீணல்ல என்றே நினைக்கிறேன். மண் கரை குடித்த தண்ணீர்தான் கிணற்றில் நின்றது, மரத்தில் ஏறியது, அன்றைக்கு எங்களுக்கு இளநீராக வந்தது. பலவீனமான இடத்தைப் பலப்படுத்தட்டும், மதகைச் சீராக்கட்டும். மண் கரையும் மரமும் இருக்கிற இடத்தில் அப்படியே இருக்கட்டும். வெட்டிய ஒவ்வொரு மரத்துக்கும் புங்கனோ வேம்போ நட்டு, மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்துத் தரட்டும்.

இட்டேரிகளும் குறைந்துகொண்டு வருகின்றன. வேலியைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டுகிறார்கள். கொறங்காடு மனைகளாகப் பிரிந்து விற்பனையாகிறது. தடம் தார் ரோடாகிவிட்டால் அதில் பெரிய வண்டிகள் வருகின்றன. பிள்ளைகளுக்கு மறுபடியும் சைக்கிள் பழக இடம் இல்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புரட்டாசி, ஐப்பசியிலோ, தை, மாசியிலோ தண்ணீர் ஓடுகிற நாளாகப் பார்த்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு முத்தூருக்கு வாருங்கள். கோவையோ ஈரோடோ திருப்பூரோ, எங்கிருந்தும் ஒரு காலைப் பொழுதில் வந்துவிடலாம். சாதாரண சைக்கிள் போதும், கியர் வண்டி வேண்டாம். பம்பும் பஞ்சர் ஒட்டுகிற சாமானும் கட்டாயம் எடுத்துவாருங்கள், வேலமுள் இன்னும் இருக்கிறது. வாய்க்கால் ஆழம், இழுப்பும் அதிகம். நீச்சல் தெரியாத பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். பிளாஸ்டிக்கைக் கரையில் போடாதீர்கள். இட்டேரியில் படலைத் திறந்து உள்ளே போனால், திரும்பும்போது மறக்காமல் சாத்திவிட்டு வாருங்கள். உள்ளே மாடு மேய்கிறது.